எட்டா, மூன்றா?: இஷிஹாரா அட்டை பிறந்த கதை

ரயில்வேயில் லோகோ பைலட் வேலைக்குப் போகிறவர், விமானம் ஓட்டக் கற்க ஆசைப்படுகிறவர், ராணுவத்தில் சேர வரிசையில் நிற்கிறவர் என எல்லோர் முன்பும் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தப் புத்தகம் விரிக்கப்படும். பக்கத்துக்கு ஒரு வட்டம். வட்டம் நிறையப் பெரிதும் சிறிதுமாக, அடர்ந்தும் வெளிறியும் வண்ணப் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண். "என்ன நம்பர் தெரியுது?" என்று மருத்துவர் கேட்பார். மூன்று விநாடிக்குள் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது அட்டையைப் பார்த்துப் பெரும்பாலானவர்கள் 8 என்பார்கள். சிலர் அதே உறுதியோடு 3 என்பார்கள். அடுத்தடுத்த அட்டைகளிலும் இப்படியே போனால் அந்த வேலை அவருக்குக் கிடையாது.

3 என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவசரத்தில் உளறவும் இல்லை. அவர் கண்ணுக்கு அங்கே இருப்பது மூன்றுதான். ஒரே தாளில், ஒரே அச்சில், ஒருவருக்கு எட்டாகவும் இன்னொருவருக்கு மூன்றாகவும் தெரிகிற படத்தைத் தன் கையால் வண்ணம் தீட்டிச் செய்தவர் ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானிய ராணுவ மருத்துவர். ஆண்டு 1916. கண்ணைப் பற்றிய பல தடித்த நூல்களைவிட இந்தச் சின்னப் புத்தகம் கண்ணை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது என்பது என் எண்ணம். அது பிறந்த கதையைச் சொல்ல டோக்கியோவிலிருந்து நூறாண்டுக்கும் மேல் பின்னால் போக வேண்டும்.

தன் நிறப் பார்வையில் ஏதோ குறைகிறது என்பது ஒருவருக்குத் தானாகத் தெரிய வழியே இல்லை. சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது. தக்காளியைக் காட்டி 'சிவப்பு' என்று அம்மா சொல்லிக்கொடுக்கிறாள். குழந்தை தன் கண்ணுக்குத் தெரிகிற எதையோ அந்தச் சொல்லோடு சேர்த்துக்கொள்கிறது. இலை பச்சை, ரத்தம் சிவப்பு, வானம் நீலம் என்று எல்லாவற்றுக்கும் ஊரே பெயர் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. அதனால் குறைபாடு உள்ள பிள்ளையும் தக்காளியைச் சிவப்பு என்றே சொல்லும், இலையைப் பச்சை என்றே சொல்லும். பேச்சில் ஒரு பிசகும் வராது. கேட்கிறவருக்கும் சந்தேகம் வராது, பேசுகிறவருக்கும் வராது.

அணுக்கொள்கையால் நாம் பள்ளியில் அறிந்த ஜான் டால்டனுக்கு 26 வயதுவரை தன் குறை தெரியாது. 1792-இல் ஒரு ஜெரேனியம் பூவை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். பகலில் அவருக்கு வான நீலமாகத் தெரிந்த அதே பூ, இப்போது நீலச் சாயலே இல்லாமல் சிவப்புப் பக்கமாக மாறித் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டார். அவர்களுக்குப் பகலிலும் இரவிலும் அது இளஞ்சிவப்புப் பூதான். அவருடைய சகோதரர் ஒருவர் மட்டும் அவரைப் போலவே பார்த்தார். 1794 அக்டோபரில் மான்செஸ்டர் இலக்கிய, தத்துவச் சங்கத்தில் டால்டன் வாசித்த கட்டுரைதான் நிறக்குறைபாட்டைப் பற்றி அறிவியல் முறையில் எழுதப்பட்ட முதல் தெளிவான வர்ணனைகளில் ஒன்று. முத்திரை அரக்கின் சிவப்பும் லாரல் இலையின் பச்சையும் தனக்குப் பொருத்தமான ஜோடியாகத் தெரிகின்றன என்று அதில் எழுதினார். தன் கண்ணுக்குள் இருக்கும் கூழ்போன்ற திரவம் நீலமாக இருந்து சிவப்பை விழுங்கிவிடுகிறது என்று நம்பினார். தான் இறந்த பின் கண்ணை அறுத்துப் பார்க்கும்படி சொல்லியும் வைத்தார். 1844-இல் அவர் இறந்த மறுநாள் மருத்துவர் ஜோசப் ரான்சம் அதைச் செய்தார். திரவம் பளிங்குபோலத் தெளிவாக இருந்தது. குறை கண்ணின் முன்பகுதியில் இல்லை. அந்தக் கண்களின் மிச்சத்தைச் சங்கம் பத்திரப்படுத்தி வைத்தது.

டால்டனுக்கு ஜெரேனியம் பூ நீலமாகத் தெரிந்ததால் யாருக்கும் நட்டமில்லை. ரயில் வந்த பிறகு கதை மாறியது. இரவில் ஒரு விளக்கு சிவப்பா பச்சையா என்பதில் நூற்றுக்கணக்கானவர்களின் உயிர் தொங்கத் தொடங்கியது. எடின்பரோவில் ஜார்ஜ் வில்சன் என்ற வேதியியல் அறிஞர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நிறப் பார்வையைச் சோதித்து, இது அரிய கோளாறு அல்ல, நம் நடுவே சர்வசாதாரணமாக இருப்பது என்று 1855-இல் புத்தகமே எழுதினார். ரயிலிலும் கப்பலிலும் வண்ணச் சமிக்ஞைகளை நம்புவது ஆபத்து என்று எச்சரித்தார். ரயில் கம்பெனிகள் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1875 நவம்பர் 15-ஆம் தேதி அதிகாலை இருட்டில் ஸ்வீடன் நாட்டில் லாகெர்லுண்டா என்ற இடத்துக்கு அருகே, ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு விரைவு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்பது பேர் இறந்தார்கள். உப்சாலா பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த ஃப்ரித்தியோஃப் ஹோல்ம்கிரென் அந்த விபத்தின் விவரங்களைப் படித்துவிட்டு, காட்டப்பட்ட விளக்கின் நிறம் தெரியாததால்தான் ரயில் நிற்காமல் போயிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். ஓட்டுநர் உயிரோடு இல்லை, அவர் கண்ணைச் சோதிக்க வழியில்லை. விபத்தின் ஆவணங்களைப் பின்னாளில் தோண்டியெடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், நிறக்குறைபாடுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது என்கிறார்கள். ஆனாலும் ஹோல்ம்கிரென் சும்மா இருக்கவில்லை. 1876-இல் உப்சாலா–ஏவ்லே ரயில்பாதையின் ஊழியர்கள் 266 பேரைச் சோதித்தார். 13 பேருக்கு நிறக்குறைபாடு இருந்தது. தினமும் விளக்கு காட்டுகிறவர்களும் பார்க்கிறவர்களுமாகிய கூட்டத்தில் 13 பேர். அந்த எண்ணிக்கை ரயில்வே அதிகாரிகளை அசைத்தது. ஸ்வீடன் தன் ரயில் ஊழியர்களுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன.

ஹோல்ம்கிரெனின் கருவி கம்பளி நூல் சிட்டங்கள். மேசைமேல் பல நிறச் சிட்டங்களைக் குவித்துவிட்டு, வெளிறிய பச்சைச் சிட்டம் ஒன்றை ஊழியர் கையில் கொடுப்பார். "இதே சாயலில் இருப்பதையெல்லாம் எடுத்து வையுங்கள்." நிறத்தின் பெயரைச் சொல்லச் சொல்லவே மாட்டார். பெயர்களை நம்ப முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதுவே அவர் முறையின் பெரிய பலம். குறைபாடு உள்ளவர் பச்சைகளோடு சாம்பலையும் பழுப்பையும் மணல் நிறத்தையும் சேர்த்து அடுக்குவார். முறை நல்லதுதான், ஆனால் நேரம் பிடிக்கும். நூல் அழுக்கேறும், சாயம் போகும். லேசான குறைபாடு உள்ளவர் அடர்த்தியை வைத்துச் சமாளித்துத் தப்பிவிடுவார். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய ஓட்டை. அது ஏன் ஏற்படுகிறது என்று புரிந்துகொள்ளக் கண்ணுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் விழித்திரையில் வேலை செய்பவை கூம்புச் செல்கள். ஒரு கண்ணில் சுமார் 60 லட்சம் இருக்கும். அவற்றில் மூன்று வகை. ஒன்று 560 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளிக்கு அதிகம் துடிப்பது, இன்னொன்று 530-க்கு, மூன்றாவது 420-க்கு. இவையே முறையே நீண்ட அலை, நடு அலை, குறுகிய அலைக் கூம்புகள். எந்தக் கூம்புக்கும் தனியாக நிறம் தெரியாது. தன்மேல் விழுந்த ஒளி தன்னை எவ்வளவு தூண்டியது என்பதை மட்டுமே அது சொல்லும். ஒரே கூம்பை வைத்துக்கொண்டு மங்கலான பச்சையையும் பளிச்சென்ற சிவப்பையும் பிரிக்க முடியாது. ஒரு வகைக் கூம்பின் துடிப்பை இன்னொரு வகையின் துடிப்போடு ஒப்பிடும்போதுதான் நிறம் பிறக்கிறது.

அந்த ஒப்பீடு மூளைவரை காத்திருப்பதில்லை, விழித்திரையிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் இரண்டு வகைக் கூம்புகளின் துடிப்பைக் கூட்டினால் கிடைப்பது வெளிச்சக் கணக்கு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சிவப்பா பச்சையா என்ற கணக்கு. மூன்றாவது வகையை மற்ற இரண்டின் கூட்டோடு வைத்துப் பார்த்தால் நீலமா மஞ்சளா என்ற கணக்கு. நாம் காணும் ஆயிரமாயிரம் நிறங்களும் இந்த மூன்று கணக்குகளிலிருந்து வருபவை. இவற்றுள் வெளிச்சக் கணக்கின் ஆட்சிதான் பெரிது. ஓரம், வளைவு, எழுத்து, அசைவு, மேடுபள்ளம் ஆகியவற்றைப் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துத் தருகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவாஜி கணேசனின் முகத்தில் ஓடும் ஒவ்வொரு சுருக்கமும் நமக்குத் தெரிகிறதே, அங்கே நிறம் ஒரு துளியும் இல்லை. சிவப்பு–பச்சைக் கணக்கு மட்டும் தவறியவர் தடுமாறாமல் நடப்பதும், முகம் அடையாளம் காண்பதும், நூல் படிப்பதும், ஓவியம் வரைவதும் இதனால்தான்.

டால்டனுக்கு இல்லாமல்போனது எது என்பதும் பின்னாளில் தெரிந்தது. மான்செஸ்டரில் பாதுகாத்து வைத்திருந்த கண்ணிலிருந்து சிறு துண்டை எடுத்து டி.என்.ஏ. ஆய்வு செய்தார்கள். 1995-இல் முடிவு வெளிவந்தது. நடு அலைக் கூம்புக்கு உரிய மரபணு அவரிடம் இல்லை. நீண்ட அலைக் கூம்பின் மரபணுவும் நடு அலைக் கூம்பின் மரபணுவும் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருப்பவை, ஏறத்தாழ அச்சு அசலானவை. விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. இவ்வளவு ஒத்த இரண்டு அருகருகே இருந்தால் அந்தப் பரிமாற்றத்தில் ஒன்று தொலைவதோ இரண்டும் கலந்து ஒட்டிக்கொள்வதோ எளிதில் நடந்துவிடும். ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ். அதில் பழுது வந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. அதனால்தான் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இந்தக் குறைபாடு, பெண்களில் அரை சதவீதம் பேருக்கு மட்டுமே. ஜப்பானிய ஆண்களில் ஏறக்குறைய 5 சதவீதம். பெரும்பாலும் தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குப் போகும், நடுவில் நிற்கும் அந்த மகளுக்கு எதுவும் தெரியாது.

இப்போது சோதனை செய்கிறவரின் சங்கடம் புரியும். பச்சைத் தாளில் சிவப்பு எழுத்தை எழுதிக் காட்டினால், சிவப்பு–பச்சை தெரியாதவரும் படித்துவிடுவார். எழுத்து தாளைவிடக் கொஞ்சம் இருண்டோ வெளுத்தோ இருக்கும், வெளிச்சக் கணக்கு அந்த ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். சரி, இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் அச்சிடலாமே என்றால், எது ஒரே வெளிச்சம் என்பது கண்ணுக்குக் கண் மாறும். நீண்ட அலைக் கூம்பு இல்லாதவருக்குச் சிவப்பு மற்றவர்களைவிட இருண்டு தெரியும். எப்படிச் சமன் செய்தாலும் ஏதோ ஒரு கண்ணுக்குச் சமன் குலையும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பணிபுரிந்த ஜெர்மானியக் கண் மருத்துவர் யாக்கோப் ஸ்டில்லிங். 1870-களில் அவர் வெளியிட்ட அட்டைகளும் ரயில், கப்பல் ஊழியர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவையே. வெளிச்ச வேறுபாட்டை ஒழிக்க அவர் முயலவில்லை, அதைப் படம் முழுக்க இறைத்துவிட்டார். எழுத்தையும் பின்னணியையும் தனித்தனிப் புள்ளிகளாக உடைத்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் அதனதன் ஓரம். சில இருண்டவை, சில வெளிறியவை, எழுத்திலும் அப்படி, பின்னணியிலும் அப்படி. வெளிச்சக் கணக்கு இப்போது நூறு ஓரங்களைக் கண்டுபிடிக்கிறது, அவற்றில் எதுவும் எழுத்தின் ஓரம் அல்ல. ஆயுதம் பறிபோகவில்லை, ஆனால் பயனற்றுப்போகிறது. மிஞ்சியிருக்கும் ஒரே துப்பு நிறச்சாயல். ஒத்த சாயலுள்ள புள்ளிகளைத் தாமாகவே ஒன்றுசேர்த்து உருவமாகப் பார்ப்பது நம் பார்வையின் இயல்பு. கூட்டம் நிறைந்த பிளாட்பாரத்தில் செவ்வாடை உடுத்தி மேல்மருவத்தூர் போகிறவர்கள், குட்டையும் நெட்டையுமாகச் சிதறி நின்றாலும் ஒரே குழுவாகக் கண்ணில் படுகிறார்களே, அப்படி. சிவப்பு–பச்சைக் கணக்கு இருப்பவருக்கு எழுத்து கூட்டத்திலிருந்து எழுந்துவரும். அது இல்லாதவருக்குப் புள்ளிகள் புள்ளிகளாகவே கிடக்கும்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கூம்புகளின் கழித்தல் கணக்கு செய்முறையில் நிறுவப்பட இன்னும் எண்பது ஆண்டு ஆகவிருந்தது. ஒத்தவை சேர்ந்து உருவமாவதைப் பற்றி ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் விதிகளாக எழுதப்போவது 1923-இல். அதற்கெல்லாம் முன்பே ஒரு கண் மருத்துவர் தாளில் புள்ளி வைத்து, உருவத்தையும் நிறத்தையும் கண் தனித்தனி வழிகளில் கையாள்கிறது என்பதைப் பயன்படுத்தியே காட்டிவிட்டார்.

ஸ்டில்லிங் விட்ட இடத்தில் இஷிஹாரா தொடங்கினார். 1879-இல் பிறந்தவர். ராணுவ உதவித்தொகையில் மருத்துவம் படித்து 1905-இல் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவராகச் சேர்ந்து, பிறகு கண் மருத்துவத்துக்குத் திரும்பியவர். ராணுவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குப் போனவர் முதல் உலகப் போர் மூண்டதால் திரும்ப வேண்டியதாயிற்று. கட்டாய ராணுவ சேவைக்கு வரும் இளைஞர்களின் நிறப் பார்வையை விரைவாகச் சோதிக்க ஒரு கருவி வேண்டும் என்ற பொறுப்பு அவரிடம் வந்தது. ஒரே நாளில் ஏராளமானவர்களைப் பார்க்க வேண்டும், கம்பளிச் சிட்டம் அடுக்கச் சொல்லிக் காத்திருக்க முடியாது. வருகிறவர்களில் சேவையிலிருந்து தப்பிக்க நினைத்து 'ஒன்றும் தெரியவில்லை' என்று நடிப்பவர்களும் இருக்கலாம், குறையை மறைத்துச் சேரத் துடிப்பவர்களும் இருக்கலாம். இரு தரப்பையும் ஒரே புத்தகம் பிடித்தாக வேண்டும்.

அவர் நீர்வண்ணத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு தன் கையாலேயே அட்டைகளைத் தீட்டினார். முதலில் எண்கள் அல்ல, ஜப்பானிய எழுத்துகள். அவருக்கு உதவியாளராக இருந்த மருத்துவருக்கு நிறக்குறைபாடு இருந்தது. இதை ஒரு சுவையான தகவலாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு இது கதையின் மையமாகத் தோன்றுகிறது. ஓர் அட்டை சரியா என்று தெரிய இரண்டு உண்மைகள் ஒரே நேரத்தில் தேவை: எண்ணும் பின்னணியும் ஒரு வகைக் கண்ணுக்குப் பளிச்சென்று வேறுபட வேண்டும், இன்னொரு வகைக் கண்ணுக்கு இம்மியும் வேறுபடக் கூடாது. முதலாவதை இஷிஹாரா தானே பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதை எவ்வளவு கற்றாலும் அவரால் பார்க்க முடியாது. எந்தப் பச்சையும் எந்த ஆரஞ்சும் ஒன்றோடொன்று கரைகின்றன என்று சொல்ல அந்த உதவியாளரின் கண் ஒன்றுதான் அளவுகோல். நிறக்குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் கருவி நிறக்குறைபாடு உள்ள ஒருவர் இல்லாமல் பிறந்திருக்க முடியாது. அந்த அட்டைகளில் அவருடைய பங்கு பாதி என்றே நான் சொல்வேன்.

ராணுவப் பதிப்பு 1916-இல் வந்தது. அடுத்த ஆண்டு, எந்த நாட்டவரும் படிக்கும்படி 1, 2, 3 என்ற எண்களோடு சர்வதேசப் பதிப்பு.

அட்டைகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். முழுப் பதிப்பில் 38. முதல் அட்டையில் 12. இதை நிறக்குறைபாடு உள்ளவரும் படிக்கலாம், ஏனென்றால் அதன் நிற வேறுபாடு எல்லாக் கண்களுக்கும் எட்டக்கூடியது. என்ன செய்ய வேண்டும் என்று காட்ட அது உதவும். அதையே படிக்க முடியவில்லை என்று ஒருவர் சாதித்தால் அவர் நடிக்கிறார், அல்லது பார்வையே மிக மோசம். அடுத்து வருபவை உருமாறும் அட்டைகள்: 8 சிலருக்கு 3 ஆகும், 6 சிலருக்கு 5, 29 சிலருக்கு 70. இங்கே ஒரே அட்டையில் இரண்டு எண்கள் பின்னப்பட்டிருக்கின்றன. பெரிய எண்ணின் எல்லாப் பகுதிகளும் பின்னணியிலிருந்து சிவப்பு–பச்சைக் கணக்கில் வேறுபடும். அதில் ஒரு பகுதி மட்டும் கூடுதலாக நீலம்–மஞ்சள் கணக்கிலும் வேறுபடும். சிவப்பு–பச்சை தெரியாதவருக்கு எட்டின் இடது பக்கம் பின்னணியில் கரைந்துபோக, நீலம்–மஞ்சள் பிடித்துத் தந்த மூன்று மட்டும் நிற்கும். 'தெரியவில்லை' என்று சொல்ல அவருக்கு வாய்ப்பே வராது. தெரிந்ததைச் சொல்வார், அதிலேயே அவர் கண்ணின் வகை வெளிப்பட்டுவிடும். மறைக்க நினைப்பவரைப் பிடிக்க இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரியவில்லை.

பிறகு மறையும் அட்டைகள், குறைபாடு உள்ளவருக்கு இவற்றில் எதுவும் இராது. அதன் பின் நேர்மாறானவை: நமக்கு வெறும் புள்ளிக் குப்பையாகத் தெரியும், குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் 5 என்றோ 45 என்றோ வாசிப்பார்கள். சிவப்பும் பச்சையும் மாறிமாறி இறைந்து கிடப்பதில் நம் கண் சிக்கிக்கொள்கிறது. அந்தச் சிக்கல் அவர்களுக்கு இல்லாததால் அடியில் ஓடும் இன்னொரு சாயல் வேறுபாடு எண்ணாக எழுகிறது. நம்மைவிட அவர்கள் கூடுதலாகப் பார்க்கும் இடமும் உண்டு என்பதற்கு இது அச்சிட்ட சாட்சி. 1992-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று இதையே வேறு விதமாகக் காட்டியது: தாறுமாறான வண்ணப்பூச்சில் ஒளித்துவைத்த வடிவங்களை இருவகைக் கூம்புகள் மட்டும் உள்ளவர்கள் கண்டுபிடித்தார்கள், மூவகையும் உள்ளவர்கள் தவறவிட்டார்கள்.

எண் அட்டைகளில் கடைசியாக வருபவை 26, 42 போன்றவை. குறைபாட்டின் வகையைப் பொறுத்து ஒருவருக்கு 2 மறையும், மற்றவருக்கு 6 மறையும். எந்தக் கூம்பு பழுது என்றே அது சொல்லிவிடும்.

இஷிஹாரா 1922-இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். புத்தகம் மெல்ல மெல்ல உலகத்துக்குப் பரவியது. ஓய்வுக்குப் பின் இஸு தீபகற்பத்தில் குடியேறி ஊர் மக்களின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1963-இல் இறந்தார். அவருக்குப் பின்னும் அட்டைகளின் கொள்கை மாறவில்லை. 2009-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறவியிலேயே சிவப்பு–பச்சை பிரிக்கத் தெரியாத இரண்டு ஆண் அணில் குரங்குகளின் விழித்திரையில் விடுபட்ட மரபணுவைச் செலுத்தினார்கள். அவை நிறம் காணத் தொடங்கினவா என்று அறியத் திரையில் சாம்பல் புள்ளிகள் நடுவே வண்ணப் புள்ளிகளைக் காட்டி, சரியாகத் தொட்டால் பழச்சாறு கொடுத்தார்கள். சுமார் ஐந்து மாதத்தில் அவை தொட்டன. மனிதர்களுக்கு இந்தச் சிகிச்சை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் வெற்றியை அளந்த கோல், ஸ்டில்லிங்கும் இஷிஹாராவும் வைத்த அதே புள்ளிகள்.

புத்தகம் நல்லது செய்த கதையை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. படைவீரர்களைப் பிரிக்கச் செய்த கருவி ஜப்பானில் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. பிள்ளைகளின் கட்டாயப் பரிசோதனையில் பல பத்தாண்டுகள் இடம்பிடித்திருந்தது. அட்டையில் தவறிய மாணவர்களை மருத்துவம், அறிவியல், ஆசிரியப் பயிற்சி போன்ற படிப்புகளில் சேர்க்கப் பல பல்கலைக்கழகங்கள் மறுத்தன. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு அந்தத் தடைகள் தளர்ந்தன. பள்ளிகளில் கட்டாயச் சோதனை 2003-இல் விலக்கப்பட்டது. அட்டை மிகக் கூர்மையானது, லேசான குறைபாட்டையும் பிடித்துவிடும். ஆனால் பிடிபட்டவருடைய குறை எவ்வளவு ஆழம், எந்த வேலையை அது உண்மையில் கெடுக்கும் என்பதை அது அளப்பதில்லை. அப்படி அளக்க வேறு சோதனைகள் இருக்கின்றன: வண்ண வில்லைகளை வரிசைப்படுத்தும் ஃபார்ன்ஸ்வொர்த் சோதனை, இரண்டு ஒளிகளைக் கலந்து மூன்றாவதோடு பொருத்தும் அனோமலோஸ்கோப், தூரத்துச் சமிக்ஞையைப் போலவே சின்ன வண்ண விளக்கு காட்டும் லாந்தர் சோதனை. இந்திய ரயில்வே இஷிஹாரா அட்டையோடு எட்ரிட்ஜ்–கிரீன் லாந்தரையும் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. இருட்டில் தூரத்து ஒற்றை விளக்கைப் பார்த்து ரயிலை நிறுத்த வேண்டியவருக்கு அந்த நிறம் தெரிந்தாக வேண்டும். சாலைச் சிக்னல் அப்படியல்ல: சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இடம் காட்டிக்கொடுக்கும். பச்சையிலும் கொஞ்சம் நீலம் கலந்திருக்கும், குறைபாடு உள்ளவரும் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே. 2020 ஜூனில் மத்திய அரசு, லேசான, நடுத்தரமான நிறக்குறைபாடு உள்ளவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்று விதியைத் திருத்தியது. 2022-இல் புனே திரைப்படக் கல்லூரியின் எல்லாப் படிப்புகளிலும் அவர்களைச் சேர்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டு நம் மாநிலத்து வழக்கு ஒன்றில் அங்கே தீர்ப்பு வந்தது. நிறக்குறைபாட்டைக் காரணம் காட்டி ஓர் இளைஞருக்கு உதவி மின்பொறியாளர் வேலையைத் தமிழ்நாடு மின்வாரியம் மறுத்திருந்தது. பொருத்தமான பிரிவில் அவருக்கு வேலை கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த மூன்றும் சரியான திசை என்று நினைக்கிறேன். ஒரு வேலைக்கு எந்த நிறம், எந்தத் தூரத்தில், எந்த வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகே ஒருவரின் கண்ணைச் சோதிக்க வேண்டும்.

வீட்டில் பையன் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செல்போனில் வரும் வட்டங்களைக் காட்டி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இஷிஹாரா கலந்தது சாயம், திரை காட்டுவது மூன்று விளக்குகளின் கலவை. அவர் கரைத்த நிறங்கள் அங்கே கரையாமல் போகலாம். அச்சிட்ட புத்தகத்தைப் பகல் வெளிச்சத்தில், 75 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் அட்டையின் கணக்குத் தப்பும். வெயில் பட்டு வெளுத்த புத்தகமும் உதவாது. பள்ளியில் வண்ணம் தீட்டத் தொடங்கும் வயதிலேயே ஒருமுறை கண் மருத்துவரிடம் பார்த்துவிடுவது நல்லது. மரத்தண்டுக்குப் பச்சை அடித்தான் என்று டீச்சரிடம் திட்டு வாங்குவது தவிரும். எண் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புத்தகத்தில் இடம் உண்டு: 26-ஆம் அட்டையிலிருந்து கடைசிவரை எண்ணுக்குப் பதில் வளைந்து வளைந்து போகும் பாதைகள். ஒரு சின்னத் தூரிகையைக் கொடுத்து, அந்தப் பாதையில் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னால் போதும். விரலால் தடவ விடக்கூடாது, வண்ணம் கெட்டுவிடும்.